ஜூன் மூன்றாம் வாரத்தில் அம்மாவையும் குழந்தையையும் மலைக்கு அழைத்துப் போகலாமா?

திருச்சியிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். ஜூன் மூன்றாம் வாரத்தில் அவருக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மனைவி, நான்கு வயது மகள், முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உள்ள 68 வயதுத் தாயார் ஆகியோருடன் சொந்தக் காரில் ஏதாவது ஒரு மலைக்குப் போக விரும்புகிறார். மூணாறு, வால்பாறை, கொடைக்கானல் மூன்றும் அவர் மனத்தில் இருக்கின்றன. மைத்துனரோ மணாலிதான் என்கிறார். பருவமழை தொடங்கும் நேரத்தில் இவற்றில் எது பாதுகாப்பான இடம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி இடத்தைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அதன் கடைசி வரியில்தான் அவருடைய உண்மையான கவலை இருக்கிறது: “ராத்திரி மழை கொட்டினால் இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?” என்னுடைய பதிலை அந்த வரிக்கே எழுதுகிறேன்.

நான் மண் பொறியியல் படித்தவன். மலைச்சாலைகளின் சரிவுகளைப் பார்வையிடுவது, தடுப்புச் சுவர் கட்டுவது, சரிந்த மண்ணை அகற்றிப் போக்குவரத்தைத் திறப்பது ஆகிய வேலைகளில் 25 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி நீலகிரியிலும் ஆனைமலைப் பக்கத்திலும் கழிந்தது. ஆகவே சரிவு, சாலை, நீரோட்டம் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதுவதை என் தொழிலறிவாக எடுத்துக்கொள்ளலாம். வானிலையைப் பொறுத்தவரை, முன்னறிவிப்பைப் படித்து அதை வைத்துச் சாலையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுத்தவன் என்ற அளவில்தான் பேச முடியும். இமயமலைக்குப் பயணியாக மட்டுமே போயிருக்கிறேன். தாயாரின் உடல்நிலை பற்றி அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர் சொல்வதே முடிவு.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் இயல்பான தேதி ஜூன் 1. ஆனால் 2023-இல் அது ஜூன் 8 அன்றுதான் வந்தது. 2025-இல் மே 24 அன்றே வந்துவிட்டது. இரண்டு ஆண்டு இடைவெளியில் 15 நாள் வேறுபாடு. வந்த பிறகும் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. நான்கைந்து நாள் விடாமல் கொட்டும், பிறகு ஒரு வாரம் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி வலுக்கும். உங்கள் ஆறு நாள் கொட்டும் வாரத்தில் விழுமா, ஓய்ந்த வாரத்தில் விழுமா என்பதை ஒரு மாதம் முன்னதாக யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் முன்னதாகவே உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ஜூனில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், எந்த மலைமுகம் அதை எதிர்கொண்டு நிற்கும் என்பது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு முகம் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை நேராக வாங்கிக்கொள்கிறது. மூணாறு, வயநாடு, கூடலூர், பந்தலூர், வால்பாறை, கர்நாடகத்தில் ஆகும்பே எல்லாம் அந்தப் பக்கம். அதே மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஊர்களுக்கு அந்தக் காற்று ஈரத்தை இறக்கிவிட்ட பிறகுதான் வந்து சேர்கிறது. அவை ஜூனில் மழை மறைவுப் பகுதிகள். நீலகிரி மாவட்டத்திலேயே இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் மாவட்டத்தின் மேற்குப் பக்கமுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. அந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் சாரலும் மூடுபனியும்தான். கிழக்குப் பக்க ஊர்களுக்கு ஆபத்தான காலம் அக்டோபர், நவம்பர். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கங்களில் உயிர்களைக் காவு கொண்ட மண்சரிவுகள் வடகிழக்குப் பருவமழையில் நடந்தவை. எனவே ‘நீலகிரி பாதுகாப்பானதா’ என்ற கேள்விக்கே பொருளில்லை. எந்தப் பக்கம், எந்த மாதம் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் உங்கள் குடும்பத்துக்கு என்னுடைய தேர்வு, கிழக்குப் பக்க ஊர்களான கொடைக்கானல் அல்லது கோத்தகிரி. ஜூனில் இரண்டிலும் மழை இருக்கும், ஆனால் குடையோடு நடந்துவிட்டு வரக்கூடிய மழையாக அது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக ஒரு சாலை ஏறுகிறது. குன்னூர் வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. மூணாறும் வால்பாறையும் அந்தப் பருவத்தில் மிக அழகாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். தேயிலைச் சரிவு முழுக்கக் கழுவிவிட்டாற்போல் மின்னும், நேற்றுவரை வெறும் பாறையாக இருந்த இடத்தில் இன்று வெள்ளைக் கோடாக ஓடை இறங்கும். அதைப் பார்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகு அந்தச் சாலையில் ஒரு மரம் விழுந்தாலும், இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோன ஒருவரைக் கீழே கொண்டுவருவது கடினம். நீங்களும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இப்போது நிலச்சரிவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பலருடைய அச்சமும் அசட்டையும் இதில்தான் தவறான இடத்தில் இருக்கின்றன. மழை மண்ணை ‘கரைத்து’ச் சரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் நீர் நிறைந்து, அந்த நீரின் அழுத்தம் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அடியில் பாறையும் மேலே ஆழமான மண்ணும் இருக்கும் சரிவில், இரண்டும் சேரும் இடத்தில் நீர் தேங்கும்போது மேல்மண் முழுவதுமாக வழுக்கி இறங்குகிறது. இதற்கு இரண்டு கணக்குகள் ஒன்றுசேர வேண்டும்: முந்தைய நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது, இன்று எவ்வளவு வேகமாகப் பெய்கிறது. அதனால்தான் மண் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் வாரங்களில் பெரிய சரிவுகள் நேர்கின்றன. மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவும், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் 2024 ஜூலை 30 விடியலுக்கு முன்பும் நடந்தவை அப்படிப்பட்டவை. ஜூன் மூன்றாம் வாரத்தில் மண் பொதுவாக அவ்வளவு நிரம்பியிருக்காது. அந்த அளவுக்கு உங்கள் தேதி சாதகமானது. ஆனால் இதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோழிக்கோடு மாவட்டம் கட்டிப்பாறையில் 14 பேரைப் பலிகொண்ட சரிவு 2018 ஜூன் 14 அன்று நடந்தது. பருவமழை தொடங்கி அப்போது மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. எந்தப் பகுதியில் சரிவு நேரக்கூடும் என்பதை வரைபடமாகச் சொல்ல முடிகிறது. எந்தச் சரிவு எந்த இரவில் இறங்கும் என்பதை இன்றுள்ள அறிவைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

பெட்டிமுடியிலும் முண்டக்கையிலும் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியலைவிட நீங்கள் படுத்து உறங்கும் அறை முக்கியம் என்று நான் சொல்வது அதனால்தான். விடுதியைத் தேடும்போது எல்லோரும் முன்பக்க ஜன்னலிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கின் படத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் பின்பக்க ஜன்னலின் படத்தைக் கேளுங்கள். மலையில் தட்டையான இடம் கிடைப்பது அரிது. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்னால் கொட்டி நிரப்பி, அதன்மேல் கட்டிடம் எழுப்புவார்கள். அதனால் பல காட்டேஜ்களில் பின்சுவருக்கும் வெட்டிய மண்சுவருக்கும் இடையே ஒரு ஆள் நுழையும் சந்துதான் இருக்கும்.

அப்படி ஒரு சந்தில் நான் நின்ற காட்சியைச் சொல்கிறேன். ஒரு குடும்ப நிகழ்ச்சிக்காகத் தங்கப்போன இடம் அது. ஊரும் பெயரும் வேண்டாம். அறைக்குள் புதிய வண்ணப்பூச்சு, மெத்தை, நல்ல திரைச்சீலை. பின்கதவைத் திறந்தால் நேராக எட்டடி உயரத்துக்குச் சிவந்த மண், செங்குத்தாக வெட்டப்பட்டு, ஒரு கல்கூட அடுக்கப்படாமல் நின்றது. அடியில் ஒரு சாண் அகல வடிகால். அதில் முக்கால்வாசிக்கு மண்ணும் சருகும் அடைத்திருந்தன. மண்சுவரின் உச்சியில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் வேர்கள் வெளியே தொங்கின. மரம் கட்டிடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அறையின் பின்சுவரில் உட்புறம், கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக, ஈரம் படர்ந்து வண்ணம் உப்பியிருந்தது. அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்தில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டோம். அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சரிவு அதற்குப் பிறகும் எத்தனையோ மழை தாங்கியிருக்கலாம். ஆனால் நான் பார்த்த நான்கும், அதாவது செங்குத்து வெட்டு, அடைத்த வடிகால், சாய்ந்த மரம், உட்சுவர் ஈரம், ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அங்கே மழை இரவில் தங்கக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே முன்பதிவு செய்யும் முன் விடுதிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டிடத்துக்குப் பின்னால் மண்வெட்டு இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில், தடுப்புச் சுவர் உண்டா, பக்கத்தில் ஓடை ஓடுகிறதா, கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையாக இருந்தாலும் உண்டா என்று கேளுங்கள். நேர்மையான விடுதிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ‘ஓடைக்கரைக் குடில்’ என்று விளம்பரம் செய்யப்படும் இடத்தை இந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். ஊரின் பழைய கடைவீதி, கோயில், தபால் நிலையம் ஆகியவற்றை ஒட்டிய பழைய கட்டிடங்கள் அலங்காரத்தில் குறைந்தவையாக இருக்கலாம். ஆனால் அவை பல பருவங்களைப் பார்த்தவை, சாலையும் மருத்துவமனையும் அருகில் இருக்கும். தாயாரின் முழங்காலுக்கும் அதுவே வசதி.

அடுத்தது சாலை. கோடை முழுவதும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும் தார்ச்சாலையில் முதல் சில மழைகளின்போது வழுக்கல் மிக அதிகம். தொடர்ந்து பெய்து கழுவிய பிறகு அது குறைகிறது. பருவத்தின் தொடக்கத்தில் சிறு கற்கள் உருள்வதும், காற்றில் மரக்கிளைகள் முறிவதும் பெரிய சரிவுகளைவிடப் பலமடங்கு அதிகமாக நடக்கின்றன. எனவே தேநீர் குடிக்கவோ, குழந்தைக்கு வாந்தி வந்தாலோ வண்டியை நிறுத்த வேண்டியிருந்தால், மண் வெட்டப்பட்ட சரிவின் அடியிலும் பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கீழும் நிறுத்தாதீர்கள். வளைவு தாண்டி, மேலே வானம் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மூடுபனியில் ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் மின்னும்படி விடாதீர்கள். நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். புறப்படும் முன் டயர், வைப்பர், பிரேக் மூன்றையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சாலையோரத் தடுப்புச் சுவரைப் படிக்க ஒருமுறை கற்றுக்கொண்டால் அது வாழ்நாளுக்கும் உதவும். சுவரில் வரிசையாகச் சிறு குழாய்த் துளைகள் இருக்கும். பின்னால் சேரும் நீர் வெளியேறுவதற்காக வைத்தவை, எங்கள் வேலையில் வீப் ஹோல் என்போம். மழையில் அவற்றிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஒரு ஜூன் மாலையில் நான் பார்வையிட்ட ஒரு சுவரில், காலையில் சொட்டிக்கொண்டிருந்த துளைகள் மழை வலுத்த பிறகும் வறண்டிருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் சேறு கலந்த நீர் வழிந்தது. சுவரின் நடுப்பகுதி கையளவு முன்னால் உப்பியிருந்தது நூல்பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது. பின்னால் துளைகள் அடைபட்டு நீர் தேங்குகிறது என்று முடிவு செய்து, ஓட்டுநர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு சாலையை அடைத்தோம். நள்ளிரவுக்கு முன் சுவர் ஏறத்தாழ இருபதடி நீளத்துக்குச் சாலைமேல் சாய்ந்தது. நீங்கள் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. உப்பிய சுவர், சாலையில் பிறை வடிவில் புதிய விரிசல், திடீரெனச் சேறாக மாறிய ஓடை, மழை பெய்துகொண்டே இருக்கும்போது திடீரென நீர் குறைந்த ஓடை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே நிற்காமல் விலகிச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது: நீர் குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று தோன்றும், ஆனால் மேலே மண்ணோ மரமோ ஓடையை மறித்திருக்கலாம், அது உடைந்து இறங்கக்கூடும்.

பகலில் மட்டும் மலையேறுங்கள். திருச்சியிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் கோத்தகிரிக்கானாலும் கொடைக்கானலுக்கானாலும் பிற்பகலுக்குள் சென்றுவிடலாம். மாலையாகிவிட்டால் அடிவாரத்தில் தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள். இருட்டில் விழுந்து கிடக்கும் கல்லோ உள்வாங்கிய சாலை ஓரமோ கண்ணுக்குத் தெரிவதற்குள் வண்டி அதன்மேல் போய்விடும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கண்டிப்பாக எழுதுகிறேன், ஏனென்றால் பருவத்தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகளின் உயிரைக் குடிப்பது மண்ணைவிடத் தண்ணீர்தான் என்பது என் கருத்து. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது திடீர் வெள்ளம் இறங்கி 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பூஷி அணையின் பின்புறம் ஓடும் அருவியின் நடுப்பாறையில் நின்றிருந்த ஒரே குடும்பத்தினர் ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது. இரண்டு இடங்களிலும் மக்கள் இறங்கியபோது தண்ணீர் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. மழை மேலே காட்டில் பெய்யும். கீழே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். செங்குத்தான சிறிய நீர்ப்பிடிப்பில் மேலே பெய்தது கீழே வந்து சேரச் சில நிமிடங்கள் போதும். ஆகவே இந்தப் பயணத்தில் அருவியைப் பார்ப்பது வேறு, அருவியில் இறங்குவது வேறு என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள். அங்கே போய்க் குழந்தை அடம்பிடிக்கும்போது முடிவெடுக்காதீர்கள். கணுக்கால் அளவு வேகநீரே ஒருவரைக் கால் தடுமாறச் செய்யும். ஓரடி ஓட்டநீர் சிறிய காரை மிதக்கவைக்கும். சாலையைக் கடந்து ஓடை பாய்ந்தால் முன்னால் பேருந்து போயிற்றே என்று பின்தொடராமல், வடியும்வரை காத்திருங்கள். இடி மின்னலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குள் இருந்தால் உடனே கட்டிடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது.

மணாலி பற்றி: மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. இமாசலத்துக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தை ஒட்டித்தான் சென்று சேரும். மூன்றாம் வாரத்தில் அங்கே பெரும்பாலும் பருவமழைக்கு முந்தைய வானிலைதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு தவறிய ஆண்டு ஒன்று இருக்கிறது. 2013-இல் பருவமழை வெகு முன்னதாக ஜூன் 16-க்குள் நாடு முழுவதையும் எட்டிவிட்டது. கேதார்நாத் பேரழிவு நடந்தது அந்த 16, 17 தேதிகளில்தான். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி மணாலிச் சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு ஆயிரக்கணக்கான பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆற்றிலேயே 2014 ஜூன் 8 அன்று, மழை இல்லாத நேரத்தில், மேலே இருந்த நீர்மின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் 24 மாணவர்கள் உயிரிழந்தார்கள். இமயமலை ஆற்றுப்படுகையில் படமெடுக்க இறங்குவது எந்த மாதத்திலும் கூடாது என்பதற்கு அது சான்று. இதையெல்லாம்விட உங்களுக்கு முக்கியமானது தூரம். ஆறு நாளில் போகவரவே பெரும்பகுதி போய்விடும். ஒரு நாள் சாலை மூடினால் விமானம் தவறும் என்ற பதற்றத்தில் மூடப்பட வேண்டிய சாலையில் வண்டியைச் செலுத்தச் சொல்வீர்கள். மழை பெய்யாத லடாக்குக்குப் போகலாமே என்று அடுத்து ஒருவர் சொல்லக்கூடும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள மூத்தவரை மருத்துவரிடம் கேட்காமல் அங்கே அழைத்துப் போக வேண்டாம்.

முன்னறிவிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வருகிறேன். வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிகக் கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதிகனமழை. மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை தருகிறார்கள். நான் கடைப்பிடிக்கும் விதி இது: போகும் மாவட்டத்துக்கோ வழியில் உள்ள மலை மாவட்டத்துக்கோ சிவப்பு என்றால் பயணம் இல்லை, ஆரஞ்சு என்றால் குழந்தையும் முதியவரும் இருக்கும்போது ஒரு நாள் தள்ளிவைப்பு, மஞ்சள் என்றால் பகலில் மட்டும், முதன்மைச் சாலையில் மட்டும். புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து தினமும் பாருங்கள். முதல் மூன்று நாட்களுக்கான கணிப்பை நம்பலாம், அதற்கு அப்பாலுள்ளதைப் போக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு முன்னறிவிப்பை 2024-இலிருந்து தொடர்ந்து வெளியிட்டுவரும் மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. பூஸ்கலன் என்ற அவர்களுடைய செயலியில் பார்க்கலாம். மாவட்ட ஆட்சியர் சாலையை மூடினாலோ சுற்றுலாத் தலத்தை அடைத்தாலோ அதைத் தடையாக எண்ணாதீர்கள். உங்களைவிட அதிகத் தகவல் உள்ள ஒருவர் எடுத்த முடிவு அது.

இந்த விதியைக் கடைப்பிடிக்கப் பணமும் நாளும் இடம்கொடுக்க வேண்டும். திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டியவர்கள் சிவப்பு எச்சரிக்கையிலும் புறப்படுவதை நான் பலமுறை சோதனைச் சாவடிகளில் பார்த்திருக்கிறேன். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன், கட்டிய பணம் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆகவே சற்று அதிக வாடகையானாலும் கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். ஆறு நாளில் மூன்று இரவை மட்டும் மலையில் வைத்து, மீதியைப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எனச் சமவெளிக்கு ஒதுக்குங்கள். மலையில் சாலை மூடினால் அந்த நாட்கள் உங்களுக்குக் கைகொடுக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. புறப்படும் வாரத்தில் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தாயாருக்கு வழக்கமான மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஐந்து நாளுக்குச் சேர்த்து எடுத்து, ஒரே பையில் வைக்காமல் இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். ஈரக்குளிரில் முழங்கால் வலி கூடுவதாக மூத்தவர்கள் பலர் சொல்வதுண்டு. தரைத்தள அறையும், படிக்கட்டு இல்லாத கழிவறையும் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு மாற்றுடை ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும், நனைந்த துணி அந்த ஊர்களில் இரண்டு நாளானாலும் காயாது. புல்லிலும் சருகிலும் நடந்தால் அட்டை ஏறும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கடித்துவிட்டால் நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுச் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும், தீக்குச்சி வைக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்ட அந்த இரவு. அறையில் இருக்கும்போது மழை மணிக்கணக்கில் ஓயாமல் கொட்டினால், பின்சுவர்ப் பக்கம் படுத்திருப்பவர்களை முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். காலணி, டார்ச், மருந்துப்பை, கார்ச்சாவி நான்கும் கதவருகே ஒரே இடத்தில் இருக்கட்டும். பாறைகள் மோதுவது போன்றோ மரங்கள் முறிவது போன்றோ இரைச்சல் கேட்டால், கதவு திடீரென இறுகிக்கொண்டால், தரையிலோ சுவரிலோ புதிய விரிசல் தெரிந்தால், சாமான்களை விட்டுவிட்டு ஓடைப்பாதையைக் கடக்காமல், அதிலிருந்து பக்கவாட்டில் விலகி மேடான இடத்துக்குச் செல்லுங்கள். சரிவின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல் வெறும் மழை மட்டும் என்றால், பாதுகாப்பான அறையில் இருந்துகொண்டு விடியும்வரை காத்திருப்பதே சரி. நள்ளிரவில் பயந்து காரை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவது, அறையில் இருப்பதைவிட ஆபத்தானது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, அவசர உதவிக்கு 112. வேறு மாவட்டத்து சிம்மிலிருந்து அழைக்கும்போது 1077 தவறான மாவட்டத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதால், அந்த மாவட்ட அலுவலகத்தின் நேரடித் தொலைபேசி எண்ணையும் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதித் தாயாரின் கைப்பையிலும் ஒன்று வைத்துவிடுங்கள்.